ஒன்பதரை மணிக் குரல்

எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்து எட்டு மாதம் கழித்துத்தான் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடர் வந்தது. 1999 டிசம்பர் 20, திங்கட்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி. எனக்கு அப்போது பத்து வயது.

சாத்தூரில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா சேவுக்கடையில் சரக்கு மாஸ்டர். அம்மா 1997இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்றரை வருஷம் அப்பத்தாதான் எனக்குத் தலை வாரி, சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். அப்புறம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சித்தி வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சாத்தூரிலும் அதே வேலைக்குப் போனார். விடியற்காலையில் சமையலை முடித்து வைத்துவிட்டுப் போனால், பொழுது சாயும் நேரத்தில் வருவார். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும்.

ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் அப்பத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்துவிடுவாள், கையில் முறமும் அரிசியுமாக. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர். சித்தி மட்டும் அடுக்களையில் இருப்பார். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அதுவரை கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரம் விளக்கும் சத்தம் ஒன்பதரைக்கு நின்றுவிடும். விளம்பரம் வந்ததும் மறுபடியும் கேட்கும். தொடர் ஆரம்பித்ததும் மறுபடி நிற்கும். சித்தி அந்தத் தொடரைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

ராதிகாவைப் பற்றி நினைத்தாலே எனக்கு அந்தப் பாத்திரச் சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்திருக்கிறேன்.

தமிழில் சித்தி என்றால் மூன்று பேர். அம்மாவின் தங்கை ஒரு சித்தி, சித்தப்பாவின் பெண்டாட்டி ஒரு சித்தி. இந்த இரண்டு பேரையும் சொல்லும்போது குரலில் ஒரு குழைவு வரும். மூன்றாவது ஆள் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர். அவரைச் சொல்லும்போது அதே சொல் தாழ்ந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் வாயிலிருந்து வரும். 'சித்தி கொடுமை' என்று ஒரு வழக்கே இருக்கிறது. பாட்டி கதைகளில் பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் அவள். பழைய படங்களில் சூடு போடுகிறவளும் அவள்தான். என் வகுப்பில் ஒருத்தி, "ஒங்க சித்தி அடிக்குமா?" என்று தினமும் கேட்பாள். இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அந்தச் சொல்லைத்தான் ராதிகா தன் தொடருக்குத் தலைப்பாக வைத்தார். சாரதா என்ற சித்தியை நடுநாயகமாக வைத்து, அவள் பக்கத்து நியாயத்தை ராத்திரிதோறும் சொன்னார். சி.ஜே. பாஸ்கர் இயக்கம். சிவகுமார் நடித்தார். ராதிகாவுக்கு அதில் இரட்டை வேடம். தினா இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய தலைப்புப் பாட்டு தொடங்கினால் எங்கள் தெருவில் நடமாட்டமே இருக்காது. எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே வரி கேட்கும். 2001 நவம்பர் 2 வரை, 467 அத்தியாயம். தெலுங்கில் 'பின்னி' என்ற பெயரில் அங்கேயும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

ராதிகாவின் கதை அதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. நடிகர் எம்.ஆர். ராதாவின் மகள். அம்மா கீதா, இலங்கையைச் சேர்ந்தவர். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்ட நாளில், ராதிகாவுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. தமிழ்நாடே பேசிய ஒரு வழக்கில் அப்பா சிறைக்குப் போகிறார். 1971இல்தான் வெளியே வருகிறார். பிள்ளைப் பிராயத்தில் ஒரு குழந்தை தன் அப்பாவின் பெயரை எந்தக் குரலில் சொல்லியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எம்.ஆர்.ஆர். வாசுவும் ராதாரவியும் அதே அப்பாவுக்கு வேறு அம்மாக்கள் வழிப் பிறந்த பிள்ளைகள். அண்ணன் தங்கை, பெரியம்மா, சித்தி என்பதெல்லாம் நேர்கோட்டில் இல்லாத வீடு அது. அந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு 'சித்தி' என்ற சொல்லின் எடை நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இலங்கையிலும் இங்கிலாந்திலும் படித்த அந்தப் பெண்ணை, 1978இல் பாரதிராஜா 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக்கினார். ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி வரும் சேதிக்காகத் தண்டவாளத்தோரம் காத்திருக்கும் கிராமத்துப் பெண். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு அந்தப் படம் கூடுதல் நெருக்கம். படம் வந்து ஒரு வருஷம் கழித்து, 1979 செப்டம்பரில், எம்.ஆர். ராதா இறந்துபோனார். மகள் கடந்த தூரத்தை அவர் பார்க்கவில்லை.

அப்புறம் இருபது வருஷம் தமிழிலும் தெலுங்கிலும் ஓயாத ஓட்டம். சிரஞ்சீவியோடு 'நியாயம் காவாலி', ரஜினியோடு 'போக்கிரி ராஜா', 'மூன்று முகம்', 'நல்லவனுக்கு நல்லவன்', கமலோடு கே. விஸ்வநாத்தின் 'ஸ்வாதி முத்யம்'. 1985இல் வந்த 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தானே தயாரித்தார். பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம் அது. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை வாங்கிக் கொடுத்தது. பணம் போடுவது, ஆள் சேர்ப்பது, நஷ்டத்தைத் தாங்குவது எல்லாம் இருபத்தி சொச்ச வயதிலேயே அவருக்குக் கைவந்திருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அங்கேதான் விதை விழுந்திருக்க வேண்டும்.

இத்தனை படங்களுக்கு நடுவில் என்னைப் பிடித்து நிறுத்துவது, ராதிகா முகமே காட்டாத ஒரு படம். 'முதல் மரியாதை'யில் பரிசல்காரப் பெண்ணாக நடித்தவர் நடிகை ராதா. குரல் கொடுத்தவர் ராதிகா. சிவாஜியோடு அந்தப் பெண் பேசும் இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கரகரத்து, பேச்சின் முடிவில் லேசாக உடைந்து, கேலி செய்யும்போதே ஏங்குவது தெரியும் குரல். சினிமாக் கதாநாயகிகளின் கீச்சுக் குரல்களுக்கு நடுவில் அது தனியாக நின்றது. வயலில் வேலை செய்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் குரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

தொலைக்காட்சியில் அவர் ஜெயித்ததற்கு அந்தக் குரல்தான் முதல் காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம். சினிமாவை இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், கண் வேறெங்கும் போகாது. வீட்டுத் தொடருக்கு அப்படி இல்லை. ஒன்பதரை மணிக்கு ஒருத்தி தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள், ஒருத்தி துணி மடிப்பாள், ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். முக்கால்வாசி நேரம் அவர்களுக்குக் காது மட்டும்தான் ஓய்வாக இருக்கும். அடுக்களையிலிருந்து கேட்டாலே சாரதா இப்போது அழுகையை விழுங்குகிறாள், இப்போது பொறுமை போய்விட்டது, இப்போது திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று தெரிய வேண்டும். ராதிகாவிடம் தெரிந்தது. சித்திக்குத் தெரிந்தது.

1990களின் நடுவில் ராதிகா நின்றிருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1993இல் 'கிழக்குச் சீமையிலே' விருமாயியாக, அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்து அல்லாடும் தங்கையாக, அவர் செய்தது அவருடைய சினிமா வாழ்க்கையின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அடுத்த இரண்டாவது வருஷம் அதே பாரதிராஜாவின் 'பசும்பொன்'னில் பிரபுவுக்கு அம்மா. பிரபு அவரைவிட வயதில் மூத்தவர். முப்பது தாண்டியதும் நடிகையின் தலையில் நரைமுடி ஒட்டிவிடுவது நம் சினிமாவின் பழக்கம். அந்தப் படத்தில், விதவையான அம்மா மறுமணம் செய்ததை மன்னிக்காத மகன்தான் கதை. ராதிகா அதை அற்புதமாகச் செய்தார். ஆனாலும் முப்பத்தி சொச்ச வயதில், நடிப்பு முழுதாகக் கனிந்திருக்கும் காலத்தில், ஒரு நடிகைக்கு வைத்திருக்கும் இடம் அவ்வளவுதான் என்றால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அவர் அந்த இடத்தில் நிற்கவில்லை. ராடான் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். பங்குச்சந்தை வரைக்கும் அதைக் கொண்டுபோனார். சன் டிவியில் அப்போதிருந்த ஏற்பாடு தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தயாரிப்பாளர் ஒரு ஸ்லாட்டுக்குச் சேனலுக்குப் பணம் கட்டுவார். பதிலுக்கு அந்த அரைமணி நேரத்தில் சில நிமிஷ விளம்பரத்தை விற்றுக்கொள்ளும் உரிமை கிடைக்கும். ஜனங்கள் பார்த்தால் விளம்பரம் நல்ல விலைக்குப் போகும். பார்க்காவிட்டால் தயாரிப்பாளர் கையைச் சுட்டுக்கொள்வார். ஆக, சாரதா அழும்போது அந்த அழுகைக்கு முதல் போட்டவரும் அவர்தான். காட்சி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரத்துக் கதை, நடிகர்களின் கால்ஷீட், விளம்பரக் கணக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வேலையின் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளம்பரம் போக ஓர் அத்தியாயம் 20 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், 467 அத்தியாயம் 9,340 நிமிஷம். இரண்டரை மணி நேரப் படமாகப் பார்த்தால் 60 படங்களுக்கு மேல். இரண்டு வருஷத்துக்குள். அதற்கு நடுவில்தான், 2001 பிப்ரவரியில், சரத்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவருக்கும் முந்தைய வாழ்க்கையில் பிள்ளைகள் இருந்தார்கள். திரையில் சித்தியாக இருந்துகொண்டே வீட்டிலும் அந்த உறவுக்குள் நுழைந்தார் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன்.

இப்போது நான் குடியிருப்பது சென்னை வளசரவாக்கத்தில். சுற்றிலும் ஷூட்டிங் வீடுகள். காலையில் வேலைக்குப் போகும்போது தெரு முனையில் ஜெனரேட்டர் வண்டி நிற்கும், கனத்த வயர்கள் காம்பவுண்டு சுவரைத் தாண்டி உள்ளே ஓடும். நான் இருட்டிய பிறகு திரும்பும்போதும் அந்த வண்டி அங்கேயே நிற்கும். ஜன்னலுக்கு வெளியே வைத்த விளக்கால் உள்ளே மட்டும் பகலாக இருக்கும். வாசலில் நிறைய நகை போட்ட ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வசனத் தாளை முணுமுணுத்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பும் சித்தியின் நடை ஞாபகம் வருகிறது. அதே அசதி.

சரி, எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன்.

2000ஆம் வருஷம், கோடை லீவு. கதையில் சாரதா மேல் ஏதோ வீண்பழி விழுந்த வாரம். என்ன பழி என்பது மறந்துவிட்டது. அப்பத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டா, அவளப் போயி" என்று டிவியைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலையில்தான் என் கால்சுண்டு விரல் கல்லில் பட்டு நகம் பெயர்ந்திருந்தது. சித்தி வேலைக்குப் போகாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போட்டுக் கூட்டி வந்திருந்தார். "பிள்ளையக் கவனிக்காம விட்டா இப்படித்தான்" என்று அதே அப்பத்தா மத்தியானம் தெருவில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். சித்தியும் கேட்டிருப்பார்.

டிவியில் சாரதாவின் குரல் உடைந்தது. அடுக்களையில் சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சாம்பல் அப்பிய தேங்காய்நார், இன்னொரு கையில் பாதி விளக்கிய ஈயச்சட்டி. கண் டிவியில் இல்லை. அப்பத்தாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. அந்த முகத்துக்கு எனக்கு அன்றைக்கும் பெயர் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அத்தை பார்த்துவிட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பத்தாவின் முழங்கையை இடித்தாள். அப்பத்தா திரும்பினாள். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "அங்க நின்னு என்னத்தத் தெரியும்? இப்படி வந்து உக்காரு" என்றாள்.

சித்தி சட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். அதற்குள் 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

அன்றோடு அப்பத்தா மாறிவிட்டாள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அடுத்த வாரமே உப்பு கூடிப்போனதற்கு ஒரு சண்டை நடந்தது. ஆனால் சித்தி உட்கார்ந்த இடம் அவருக்கென்று நிலைத்துவிட்டது. ராத்திரி அரைமணி நேரம் நாலு பொம்பளைகள் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். சாரதாவைப் பற்றி அப்பத்தாவும் சித்தியும் பேச ஆரம்பித்தார்கள். அவள் இப்படிச் செய்திருக்கக் கூடாது, இல்ல அத்தை, அவளும்தான் எவ்வளவு பொறுப்பா என்று. தங்களைப் பற்றிப் பேச முடியாததையெல்லாம் சாரதாவின் பேரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அப்பத்தா சாகும்வரை நடந்தது. தொடர்களின் பெயர்தான் மாறிக்கொண்டே போனது.

'அண்ணாமலை' 2002இல் வந்து 2005 வரை ஓடியது. அப்புறம் 'செல்வி', 'அரசி', 'செல்லமே'. 2013 முதல் 2018 வரை 'வாணி ராணி', மறுபடியும் இரட்டை வேடம். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்பதரை மணி என்றால் ராதிகா என்றே எங்கள் ஊரில் பேச்சு. எல்லாத் தொடரும் எனக்குப் பிடித்தன என்று சொல்ல மாட்டேன். பழிவாங்கல், ஆள் கடத்தல், விஷம், ஒரே சதி மூன்று மாதத்துக்கு. 'வாணி ராணி'யைப் பாதி நீளத்தில் முடித்திருந்தால் இன்னும் மதித்திருப்பேன். 2018இல் 'சந்திரகுமாரி' என்ற சரித்திரத் தொடரில் பெரிதாக முயன்றார், அது நீடிக்கவில்லை. 'சித்தி'யில் ஒரு வீட்டுக்குள் இருந்த சின்னச் சின்ன வலிகள் பின்னால் வந்தவற்றில் குறைந்துபோயின என்பது என் வருத்தம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீரியல் என்றாலே அழுமூஞ்சி என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள், நாற்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் மேற்பட்ட ஒரு பெண் கதையின் நடுவில் நின்று, முடிவெடுத்து, சண்டை போட்டு, தோற்று, ஜெயித்த இடம் தமிழில் வேறெங்கே இருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சினிமா கொடுக்காத அந்த இடத்தை அவர் ஸ்லாட்டுக்குக் காசு கட்டி வாங்கினார்.

2020 ஜனவரியில் 'சித்தி 2' ஆரம்பித்தது. சித்தி போன் செய்து, "நம்ம சாரதா வந்துருச்சு" என்றார். இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றது. திரும்ப ஆரம்பித்த பிறகு, அடுத்த வருஷம் ராதிகா அந்தத் தொடரிலிருந்து விலகினார். சித்தியும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராதிகா எங்கள் தொகுதியிலேயே, விருதுநகரில், பா.ஜ.க. வேட்பாளராக நின்றார். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் ஜெயித்தார். ராதிகா மூன்றாவதாக வந்தார். அரசியலில் அவர் எடுத்த பக்கம் என் பக்கம் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதவும் விருப்பமில்லை. பிரச்சார நேரத்தில் நான் ஊரில் இருந்தேன், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பங்குனி வெயில். சாயங்காலம் நான் முன்னறையில் படுத்திருந்தேன். சித்தி அடுக்களையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தார். அவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. தூரத்தில், மெயின் ரோட்டில், ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டு வருவது கேட்டது. என்ன பேச்சென்று எனக்குப் பிடிபடவில்லை. வார்த்தை ஒன்றும் தெளியவில்லை, காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களையில் மத்துச் சத்தம் நின்றது.

சித்தி கையில் மத்தோடு நிலைப்படிக்கு வந்து நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "ராதிகாம்மா" என்றார். வாசல் பக்கம் போகவில்லை. குரல் தேய்ந்து அடங்கும்வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மறுபடியும் பருப்பு கடையும் சத்தம் கேட்டது.